ஒரு வெள்ளைச் சுறாவும் ஒரு சாக்குத் தேங்காயும்

எங்கள் வீட்டில் சுறா என்றால் வறை. அவித்து, தோலுரித்து, உதிர்த்து, தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் போட்டு அம்மா சட்டியில் பிரட்டினால் கனடாவில், ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் எங்கள் கட்டடத்தின் அரைவாசித் தளத்துக்கு மணக்கும். லிஃப்டில் இருந்து இறங்குகிற ஆட்களில் சிலர் மூக்கைச் சுளிப்பார்கள், சிலர் எங்கள் கதவு இலக்கத்தை ஏக்கத்தோடு பார்ப்பார்கள். எவர் எந்த ஊர் என்பதை அதை வைத்தே சொல்லிவிடலாம். இருபத்துமூன்று வயது வரை சுறாவுக்கும் எனக்கும் இருந்த பழக்கம் அவ்வளவுதான். அது தட்டில், நான் மேசையில்.

அதை உயிரோடு பார்க்கப் போகிறேன் என்று நான் அறிவித்த அன்றும் வறைதான்.

ஸ்காபரோவிலேயே பஸ் ஏறிப் போய் உயிரியல் படித்து முடித்திருந்தேன். மேற்படிப்புக்கு நோவா ஸ்கோஷியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. சுறாக்களைப் பற்றிய ஆராய்ச்சி, ஜனவரியில் தொடக்கம். அதே கிழமை பக்கத்து நகரமான மார்க்கத்தில் பால் பரிசோதிக்கிற லாப் ஒன்றில் எனக்கு வேலையும் சரிவந்திருந்தது. அந்த வேலையை எடுத்துத் தந்தது அம்மாவின் சிநேகிதி ஒருவர் என்பதால், அது வேலையாக இல்லாமல் ஏறக்குறைய நிச்சயதார்த்தமாகவே வீட்டில் கருதப்பட்டது.

"அம்மா, எனக்கு நோவா ஸ்கோஷியாவில மாஸ்ரேர்ஸ் கிடைச்சிருக்கு."

"அது எங்க கிடக்கு?"

"கிழக்குக் கரையில. கடல் இருக்கிற இடம்."

"ஏன், இங்க உந்த ஒன்ராறியோ லேக் காணாதோ?"

"லேக்கில சுறா இல்லையம்மா."

"அதுதான் நல்ல லேக்."

அம்மா முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறார். மாத்திரையை நாக்குக்குக் கீழே ஒளித்துவைத்துவிட்டு விழுங்கினேன் என்று சொல்கிற கிழவர்களை நாள் முழுக்கச் சமாளிக்கிறவர். அவரோடு வாதாடி வெல்வது நடக்காத காரியம். அப்பா பிறம்ரனில் இருந்து லொறி ஓட்டுகிறார், வீட்டைவிட நெடுஞ்சாலையில்தான் கூடுதலாக வசிக்கிறார். அவருக்குப் போன் அடித்து விஷயத்தைச் சொன்னேன். "அம்மா என்ன சொல்லுறா?" என்று கேட்டார். இந்தக் கதையில் அவருடைய பங்கு அத்தோடு முடிகிறது.

எங்கள் ஆட்களிடையே ஒரு பெட்டை வீட்டை விட்டு வெளியேறுவதற்கு ஒரே கதவுதான் உண்டு, அதில் மாவிலைத் தோரணம் கட்டியிருக்கும். தோரணம் இல்லாத கதவால் போக நினைத்த என்னை அம்மா நேரடியாகத் தடுக்கவில்லை. அதைவிடக் கெட்டித்தனமாக ஒன்று செய்தார். என்னுடைய பலவீனம் எது என்பது அவருக்குத் தெரியும்.

எனக்குத் தண்ணீர் என்றால் பயம். ஆரம்பப் பள்ளியில் நீச்சல் வகுப்புக்குக் கொண்டுபோன முதல் நாளே பயிற்சியாளரின் தோளில் ஏறி, தலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கமாட்டேன் என்று அலறியிருக்கிறேன். அம்மா வேலையிலிருந்து ஓடிவந்துதான் என்னைப் பிய்த்தெடுத்தார். அதற்குப் பிறகு ஷவருக்குக் கீழேகூட நான் முகத்தை நேரே காட்டியதில்லை. சுறாவைப் பற்றி ஒரு மணித்தியாலம் மூச்சுவிடாமல் பேசுவேன், முகம் கழுவும்போது மூச்சுத் திணறுவேன்.

"சரி," என்றார் அம்மா, அகப்பையைக் கீழே வைக்காமலே. "உந்த வீடியோவில காட்டுறாங்களே, ஆக்களைக் கூண்டுக்குள்ள போட்டுக் கடலுக்குள்ள இறக்கி. நீ உதில இறங்கு. உன்ர ரெண்டு கண்ணாலையும் சுறாவைப் பாத்திட்டு ஏறி வா. வந்து நிண்டு அப்பவும் போறன் எண்டு சொன்னியெண்டால் உன்ர சூட்கேசை நானே அடுக்கித் தாறன். பாக்கேல்லையெண்டால் மார்க்கம். சரியோ?"

"டீல்."

"டீல் கீல் எண்டு என்னோட கதையாத. கையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

உள்ளங்கையில் அடித்தேன். அம்மாவும் அடித்தார். வறை வாசம் அடுத்த நாள் வரை என் கையில் இருந்தது.

நோவா ஸ்கோஷியாவுக்கு வெளியே கோடையிலும் இலையுதிர் காலத்திலும் பெரிய வெள்ளைச் சுறாக்கள் வரும். அங்கே படகில் கொண்டுபோய்க் கூண்டில் இறக்குகிறார்கள் என்று கண்டுபிடித்து, செப்டெம்பர் கடைசியில் அடுத்தடுத்து இரண்டு நாட்களுக்குப் பதிவு செய்தேன். கூண்டுக்குள் போக நீந்தத் தெரிய வேண்டியதில்லை. கூண்டின் மேல் விளிம்பு தண்ணீருக்கு வெளியே மிதக்கும், நாம் உள்ளே கழுத்தளவு தண்ணீரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்போம். சுறா வருகிறது என்று மேலேயிருந்து கத்துவார்கள். கத்தியவுடன் மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் இழுக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் எனக்குப் பதினைந்து வருஷமாக முடியாத காரியம்.

குளியலறை வாளியில் தொடங்கினேன். சிவப்பு வாளி, கைப்பிடி உடைந்தது, ஷவர் இருக்கிற வீட்டிலும் எங்கள் சனம் விடாமல் வைத்திருக்கிற வாளி. அதை நிரப்பி, முன்னால் முழந்தாளிட்டு முகத்தை உள்ளே வைத்தேன். உடனே வெளியே இழுத்து, சுவரெல்லாம் தண்ணீரடித்து, இருமி, இன்னொரு முறை வைத்தேன். கதவில் அம்மாவின் தட்டு விழும்.

"உள்ளுக்க என்னடி செய்யிறாய்? ஆரையும் கொல்லுறியோ?"

"முகம் கழுவுறன்!"

"உப்பிடிக் கழுவினால் முகம் மிஞ்சாது!"

என் அண்ணா கார் இன்சூரன்ஸ் விற்கிறவன். எதற்கெடுத்தாலும் ஆபத்தைக் கணக்குப் போடுகிற ஜென்மம். குளியலறை வாசலில் போனோடு நின்று என் மூச்சுக்கு நேரம் பார்ப்பான். "எடியே, உன்ர ரெக்கோர்ட் இப்ப ஒரு தும்மலை விடக் கொஞ்சம் கூட. சுறா வந்தால் தும்மிற நேரத்துக்குத்தான் பாப்பாய்," என்பான். நான் ஈரக் கையால் அவன்மேல் தண்ணீரை விசிறுவேன்.

வாளி பழகிய பிறகு சமூக நிலையத்தின் நீச்சல்குளத்துக்குப் போனேன். பெண்களுக்கு மட்டுமான நேரம். முழங்கால் வருத்தத்துக்குத் தண்ணீருக்குள் நடக்கிற அன்ரிமார் அங்கே வரிசையாக உலாவுவார்கள், நடுவில் நான் மட்டும் இடுப்பளவில் நின்று முகத்தை உள்ளே வைத்து வைத்து எடுப்பேன். அம்மா குளக்கரை வாங்குப் பலகையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜூன் மாதத்தில் ஜக்கெற்றோடு உட்கார்ந்திருப்பார். என்னைக் காவல் காக்க வந்ததாகச் சொன்னார். நான் தோற்பதைப் பார்க்க வந்தார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

ஒருநாள் அன்ரி ஒருவர் நடையை நிறுத்திவிட்டு என்னிடம் குனிந்தார். "என்ன பிள்ளை, தோடு ஏதும் விழுந்திட்டுதோ? கன நாளா நீர் தேடுறீர்."

"இல்லை அன்ரி. சுறா பாக்கப் பழகுறன்."

அவர் கலவரப்பட்டுத் தன் கால்களைச் சுற்றிப் பார்த்தார். அம்மா வாங்கில் இருந்து சிரித்தார், நானும் சிரித்தேன், மூக்குக்குள் குளோரின் ஏறிக் கண்ணீர் வந்தது. அந்தக் கண்ணீரோடேயே மறுபடி முகத்தை உள்ளே வைத்தேன். இந்தத் தண்ணீர் என்னை என்ன செய்துவிடும் என்று ஒரு வெறி. ஒவ்வொரு முறையும் நெஞ்சு பதறியது, ஒவ்வொரு முறையும் பதறட்டும் என்று விட்டேன். பயம் போகும் என்று காத்திருந்தால் நான் மார்க்கத்தில் பாலுக்குத்தான் காவல் இருப்பேன் என்று ஜூலையில் விளங்கிவிட்டது. பயத்தையும் கூட்டிக்கொண்டே உள்ளே போவதென்று முடிவெடுத்தேன்.

ஓகஸ்டில் ஒரு பின்னேரம் குளத்தின் அடியில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். கண்ணைத் திறந்தேன். நீலத் தரை, அன்ரிமாரின் கால்கள், எல்லாம் அமைதியாக இருந்தன. மேலே வந்து அம்மாவைப் பார்த்தேன். அம்மா சிரிக்கவில்லை. கைப்பையின் சிப்பைத் திறந்தார், மூடினார், திறந்தார்.

அதற்குப் பிறகு அம்மா கோயிலுக்கு அடிக்கடி போகத் தொடங்கினார். எங்கள் பிள்ளையார் கோயில் கார் ரயர்க் கடைக்கும் சோபா கழுவுகிற கொம்பனிக்கும் நடுவே ஒரு பழைய கிடங்கில் இருக்கிறது. வேலை முடிந்து அங்கே போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருவார். இரண்டு கையிலும் பைகளோடு வந்து, கதவின் அடியில் சப்பாத்தால் மெதுவாக உதைப்பார். அதுதான் அழைப்பு மணி. நான் போய்த் திறப்பேன். என் பாதுகாப்புக்காகக் கும்பிடுகிறார் என்று நினைத்து, உண்மையில் எனக்குக் கொஞ்சம் நெஞ்சு உருகியது. நான் எவ்வளவு பெரிய மடைச்சி!

அண்ணா லீவு போட்டு என்னை ஏற்றிக்கொண்டு போனான். பின் இருக்கை முழுக்க அம்மா கட்டித்தந்த சாப்பாடு. றோல்ஸ், மீன் பணிஸ், புட்டு, ஒரு போத்தல் சம்பல், இரண்டு பிளாஸ்க் தேத்தண்ணி. கியூபெக்கையும் நியூ பிரன்ஸ்விக்கையும் நாங்கள் றோல்ஸ் கடித்துக்கொண்டே கடந்தோம். புறப்படும்போது அம்மா என் மணிக்கட்டில் கோயில் நூல் ஒன்றைக் கட்டிவிட்டார். முகத்தை நிமிர்த்தவேயில்லை.

முதல் நாள் படகில் எங்களோடு சேர்த்து ஒரு சிறு கூட்டம். கப்பித்தான் ஒரு பெண், அம்மாவின் வயது, குரல் மட்டும் கப்பல் சங்கு. மீன் எண்ணெய்யைத் தண்ணீரில் ஊற்றி, கடல்நாய் வடிவில் வெட்டிய பலகையொன்றைக் கயிற்றில் கட்டி மிதக்கவிட்டார்கள். அந்த மணம் பிடித்துச் சுறா வரும் என்றார்கள். முதலில் அந்த மணத்துக்கு அண்ணாதான் வந்தான், படகின் விளிம்புக்கு, சத்தியெடுக்க.

"நீயும் உன்ர சுறாவும்," என்று வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "என்னைக் கூண்டுக்குள்ள போட்டுப் பூட்டுங்கோடி. அங்கயாவது ஆடாது."

தடித்த ரப்பர் உடுப்பு, தலைக்கு மூடி, இடுப்பில் ஈயப் பட்டி. கூண்டுக்குள் இறங்கியபோது குளிர் முதலில் பல்லில் பிடித்தது. ஸ்காபரோக் குளத்தில் நான் பழகியது இந்தக் குளிரை அல்ல, இந்த ஆட்டத்தை அல்ல, கீழே பச்சையாகி, பிறகு கறுப்பாகி, தரையே தெரியாமல் போகிற இந்த ஆழத்தையும் அல்ல. கம்பியைப் பிடித்தேன். முகத்தை உள்ளே வைத்தேன். வைக்க முடிந்தது! சந்தோஷத்தில் கத்தியதில் உப்புத் தண்ணீர் குடித்தேன்.

ஆனால் சுறா வரவில்லை. ஏறினோம், தேத்தண்ணி குடித்தோம், இறங்கினோம், ஏறினோம். பச்சைத் தண்ணீரில் எண்ணெய் மட்டும் மிதந்தது. இது கடல், மிருகக்காட்சிச்சாலை இல்லை என்று கப்பித்தான் ஆறுதல் சொன்னார். எனக்கு அந்த ஆறுதல் உதவவில்லை. இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. அதிலும் வராவிட்டால் மார்க்கம்.

சாயங்காலம் மோட்டல் அறையில் இருந்து அம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்தோம். சமையலறையில் நின்றார்.

"என்ன, பாத்தனியோ?"

"வரேல்லை அம்மா. அண்ணா சத்தியெடுத்ததுதான் மிச்சம்."

"வரேல்லையோ? ஐயோ பாவம்!" என்றார். அந்த ஐயோ பாவத்தில் ஒரு பண்டிகை இருந்தது. "சரி சரி, சாப்பிட்டனீங்களோ? பணிஸ் மிச்சம் கிடக்கோ?"

அண்ணாதான் கண்டான். போனுக்குள் மூக்கை நுழைத்துப் பார்த்து, "அம்மா, உங்களுக்குப் பின்னால என்ன அது?" என்றான்.

அம்மாவின் தோளுக்குப் பின்னால், அரிசி வைக்கிற மூலையில், ஒரு சாக்கு. வாய் திறந்த சாக்கு. மேலே குடுமியோடு தேங்காய்கள் எட்டிப் பார்த்தன.

"தேங்காய்."

"விளங்குது. ஏன் அவ்வளவு தேங்காய்? சம்பலுக்கோ?"

அம்மா போனைச் சுவர்ப் பக்கம் திருப்பப் பார்த்தார். எங்கள் சனம் சாக்காகத் தேங்காய் வாங்குவது ஒரே காரணத்துக்குத்தான்.

"அம்மா, நேர்த்தி வைச்சனீங்களோ?"

அம்மா குறுக்கே நகர்ந்து சாக்கை மறைத்து நின்றார்.

"சுறா வரக்கூடாதெண்டோ வைச்சனீங்கள்?"

"சுறா வரக்கூடாதெண்டு நான் ஏன் வைக்கிறன்? அது பாவம், அதின்ர கடல், அது வரும் போகும். நீ அதைப் பாக்காமல் திரும்பி வந்தால் ஒரு சாக்குத் தேங்காய் உடைக்கிறன் எண்டு பிள்ளையாருக்குச் சொன்னனான். அவ்வளவுதான்."

"ப்ரோ," என்றான் அண்ணா என்னைப் பார்த்து, "உது மேட்ச் ஃபிக்சிங்."

"நீ வாயை மூடு, சத்தியெடுத்த மூஞ்சை. நேர்த்தியெண்டால் உனக்குப் பகிடியோ?"

"அம்மா, திருப்பி எடுங்கோ," என்றேன். "இப்பவே போய்ச் சொல்லுங்கோ, வேண்டாம் எண்டு."

"நேர்த்தியை எப்பிடியடி திருப்பி எடுக்கிறது? கடையில வாங்கின சட்டையே, ரிசீற்றோட போய்க் குடுக்க?"

எனக்குக் கோபம் வந்தது. கடவுள் நம்பிக்கை எனக்கு இருக்கிறதா என்று கேட்டால் பரீட்சை நாட்களில் மட்டும் என்பேன். அதனால் இந்தக் கோபம் பிள்ளையாரிடம் இல்லை. "நீங்கள் என்ர கையில அடிச்சுச் சத்தியம் பண்ணினனீங்கள். நான் அந்த வாளிக்குள்ள எத்தினை நாள் செத்துச் செத்து எழும்பினனான். நீங்கள் வாங்கில இருந்து பாத்தனீங்கள். நான் தனிய விளையாடுறன், நீங்கள் பிள்ளையாரைச் சேத்துக்கொண்டு விளையாடுறியள். இது சரியோ?"

அம்மா போனை மேசையில் சாய்த்துவைத்துவிட்டு உட்கார்ந்தார். பின்னால் குளிர்சாதனப்பெட்டி உறுமுவது கேட்டது.

"சுறா கடிச்சாலும் பரவாயில்லையடி," என்றார். "கூண்டு இருக்கு, ஆஸ்பத்திரி இருக்கு. பாக்கலாம். நீ அங்க போய் இருந்திட்டியெண்டால் நான் வேலையால வரேக்குள்ள ஆர் எனக்குக் கதவு திறக்கிறது?"

"அண்ணா இருக்கிறான்."

"உவனுக்கு ஹெட்போன். நான் உதைச்சு உதைச்சுக் கால் முறியும்."

அண்ணா கழுத்தில் கிடந்த ஹெட்போனைக் கழற்றி ஒளித்தான். அது உண்மை. கோல் முடிந்தது. அண்ணா காரில் ஒட்டியிருக்கிற குட்டிப் பிள்ளையாரைக் காட்டி, நீயும் ஒரு நேர்த்தி வை, இரண்டு சாக்கு என்று சொல்லு, ஏலம் மாதிரிக் கூட்டிக் கேள் என்று யோசனை சொன்னான். நான் வைக்கவில்லை. அம்மாவுக்கு எதிராகத் தேங்காய் உடைக்க எனக்கு மனம் வரவில்லை. நாளைக்குக் கூண்டை விட்டு ஏறுவதில்லை என்று மட்டும் முடிவெடுத்தேன். பிள்ளையார் தன்பாட்டைப் பார்க்கட்டும், நான் தண்ணீருக்குள் நிற்பேன்.

காலையில் படகுத் துறையில் அந்த ரப்பர் உடுப்புக்குள் என் இரண்டாவது காலை நுழைத்துக்கொண்டிருந்தபோது வீடியோ கோல் வந்தது. அம்மா கோயில் கார் தரிப்பிடத்தில் நின்றார். பின்னால் ரயர்க் கடை இன்னும் திறக்கவில்லை. வேலைச் சீருடை, கை முழுக்கத் தேங்காய்த் தண்ணீர், கன்னத்தில் ஒரு தும்பு.

"உடைச்சிட்டன்," என்றார்.

"எதை?"

"எல்லாத்தையும். நேற்று நீ பாக்கேல்லைத்தானே. நேற்றோட அது சரி. நேர்த்தி முடிஞ்சுது. இண்டைக்கு நான் அவரை ஒண்டும் கேக்கேல்லை. நீயும் சுறாவும் பட்ட பாடு."

அண்ணா குறுக்கே விழுந்தான். "அம்மா, டெக்னிக்கலி, நேர்த்தி முழு ட்ரிப்புக்கும் எல்லோ?"

"உன்ர இன்சூரன்ஸ் கதையை என்னட்டை விடாத." பிறகு என்னிடம், "ஐயர் கேட்டார், என்ன விசேஷம், இவ்வளவு தேங்காயெண்டு. மகள் சுறா பாக்கேல்லை, அதுக்கெண்டு சொன்னனான். பேந்து அந்தாள் ஒரு கேள்வியும் கேக்கேல்லை." சிரித்தார். கண் சிரிக்கவில்லை. "குளிருக்க கன நேரம் நில்லாத. வேலைக்குப் பிந்துது, வைக்கிறன்."

அம்மா போனை வைத்துவிட்டார். நான் ஒற்றைக் காலில் உடுப்போடு நின்றேன். அம்மா தோற்றுக்கொடுக்கவில்லை, தேங்காயை மட்டும் ஆட்டத்தில் இருந்து எடுத்துவிட்டார். இனி நான் தோற்றால் அது என் தோல்வி. பதறியது. பதறட்டும்.

இரண்டாம் நாள் கடல் இன்னும் மோசம். கூண்டு படகில் இடித்து இடித்துத் தூக்கிப் போட்டது. மற்றவர்கள் ஒவ்வொருவராக ஏறிவிட்டார்கள். கப்பித்தான் என்னையும் ஏறிச் சூடேறச் சொன்னார். ஏறினேன், அண்ணா நீட்டிய தேத்தண்ணியை விழுங்கினேன், இறங்கினேன். மறுபடி கூப்பிட்டார், மறுபடி அப்படியே. உதடு நீலமாகிவிட்டது என்று அண்ணா மேலேயிருந்து கத்தினான்.

"எடியே, ஏறு! மார்க்கமும் நல்ல இடம்தான்! பாலுக்குப் பல்லில்லை!"

"நீ சத்தியெடுக்கிற வேலையைப் பார்!"

அப்போதுதான் கப்பித்தானின் சங்கு ஊதியது. பலகைக்குப் பின்னால், கீழே! இப்போது!

மூச்சு. தலை உள்ளே.

முதலில் பச்சை மட்டும். பிறகு அந்தப் பச்சையின் ஒரு பகுதி நகர்ந்தது. நிழல் என்று நினைத்தேன், நிழலுக்கு முகம் வந்தது. மேலே சாம்பல், கீழே வெள்ளை, இரண்டும் சேருகிற இடம் கிழித்த கடதாசி மாதிரி. வாய் கொஞ்சம் திறந்தபடி, யாரையும் கடிக்கிற யோசனையே இல்லாமல், பலகையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு அது கூண்டின் பக்கம் திரும்பியது. என் கைக்கெட்டும் தூரத்தில் பக்கவாட்டாகப் போனது. போய்க்கொண்டே இருந்தது, அவ்வளவு நீளம். செவுள் கீறல்கள், மூக்கில் பழைய தழும்பு, அந்தக் கண். கறுப்பு என்று எல்லாரும் சொல்வார்கள். கிட்டத்தில் அதற்குள் கடும் நீலம் இருந்தது. அது என்னைப் பார்த்தது, என்னை விட்டு வேறெதையோ பார்த்தது, போய்விட்டது.

பயந்தேன். பொய் சொல்லமாட்டேன், கம்பியில் இருந்து விரல்களைப் பிரித்தெடுக்க முடியாத அளவுக்குப் பயந்தேன். ஆனால் தலையை வெளியே எடுக்கவில்லை. இன்னொரு முறை திரும்பி வருமா என்று பச்சைக்குள் தேடிக்கொண்டே இருந்தேன், மூச்சு முடிந்து நெஞ்சு எரிகிற வரை. மேலே வந்தபோது அண்ணா விளிம்பில் குப்புறக் கிடந்து கத்தினான். "பாத்தனியோ? பாத்தனியோ?"

"ஓம்! ஓமடா! பாத்தனான்!"

"அப்ப அழாத! ஏற்கெனவே கடல் நிறைய உப்பு!"

ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்த அன்று அம்மா வேலையில் இருந்தார். நான் குளித்துவிட்டுக் கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சப்பாத்து கதவின் அடியில் தட்டியதும் திறந்தேன். இரண்டு கையிலும் பை, மணிக்கட்டில் வலிக்குக் கட்டுகிற பட்டி. உள்ளே வராமல் அங்கேயே நின்று கேட்டார்.

"பாத்தனியோ?"

"பாத்தனான்."

"பயந்தனியோ?"

"சரியாப் பயந்தனான்."

அம்மாவின் முகத்தில் ஒரு சின்ன நம்பிக்கை எழும்பியது.

"அப்பவும் போறியோ?"

"ஓம். போறன்."

அம்மா தலையாட்டினார். பைகளை என்னிடம் தந்துவிட்டு உள்ளே போய்க் கை கழுவினார். இரவுச் சாப்பாட்டுக்கு முதல் வீடியோவைக் காட்டச் சொன்னார். அண்ணாவின் போனில், தண்ணீருக்கு மேலேயிருந்து எடுத்தது, ஒரு நீண்ட நிழலும் கூண்டுக்குள் என் கறுத்த மண்டையும். மூன்றாம் முறை போட்டுப் பார்த்துவிட்டு, "சுறாவைப் பாக்கேல்லை நான். நீ எவ்வளவு நேரம் தலையை உள்ளுக்க வைச்சிருக்கிறாய் எண்டுதான் பாத்தனான்," என்றார்.

டிசம்பர் கடைசியில், சொன்னபடி, சூட்கேசை அம்மாதான் அடுக்கினார். என்னைத் தொடவிடவில்லை. கம்பளிக் காலுறைக்குள் மிளகாய்த்தூள், மிளகாய்த்தூளைச் சுற்றிச் சட்டை, எல்லாவற்றையும் முதியோர் இல்லத்துப் படுக்கை விரிப்புப் போல மடித்து இறுக்கினார். கடைசியில் குளியலறைக்குப் போய் அந்தச் சிவப்பு வாளியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"அங்க வாளி வாங்கலாம் அம்மா."

"வாங்கலாம். உதுதானே உனக்குப் பழக்கம்."

புறப்படுகிற காலை வெளியே பனி கொட்டியது, அண்ணா கீழே காரைச் சூடாக்கிக்கொண்டிருந்தான். நான் சமையலறைக்குள் புகுந்து அரிசி மூலையைப் பார்த்தேன். சிங்க்குக்குக் கீழே பார்த்தேன். பல்கனிக் கதவைத் திறந்து அங்கேயும் பார்த்தேன்.

"என்னடி தேடுறாய்?"

"தேங்காய்."

"ஒண்டும் இல்லை," என்றார் அம்மா. "வடிவாப் பார். ஒண்டும் வைக்கேல்லை."

இருந்தது ஒரே ஒரு பாதித் தேங்காய், குளிர்சாதனப்பெட்டியில், சம்பலுக்கு. அதை நேர்த்திக் கணக்கில் சேர்க்க முடியாது. ஒரு கையில் சூட்கேசை எடுத்தேன், மறுகையில் கைப்பிடி இல்லாத வாளியை நெஞ்சோடு அணைத்தேன். வாசலுக்கு வந்த பிறகுதான் விளங்கியது, கதவைத் திறக்க எனக்குக் கை இல்லை. யோசிக்காமல் சப்பாத்தால் கதவின் அடியில் மெதுவாக உதைத்தேன்.

அம்மா பின்னாலிருந்து வந்து, என்னைத் தாண்டிக் கையை நீட்டி, கதவைத் திறந்துவிட்டார்.

"போட்டு வா," என்றார்.